கேள்வி கேட்காத டொக்டர்

ஜூலை 7, திங்கள்

காற்று. காலையிலிருந்து கூரைத் தகரம் ஓயாமல் அடிக்கிறது. மலையில் கொழுந்து இல்லை. அரைப் பேர்தான் போட்டார்கள், அதாவது பாதி நாள் சம்பளம்.

இது மகள் தர்ஷினியின் பழைய கணக்குக் கொப்பி. பின் பக்கமெல்லாம் வெறுமை, அதில் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு எழுத்துதான். யாரும் பார்க்கப் போவதில்லை. பேச ஆள் இருந்தவரை எழுதத் தேவைப்படவில்லை. அவள் அப்பா போய் ஆறு மாதம். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால் நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறினார். தானாக இறங்கவில்லை. தோட்டத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. மறுநாளே ஆடு தின்றுவிட்டது.

புதன்கிழமை பதுளை ஆஸ்பத்திரி. மகளுக்குப் பதினாலு வயது. மேல்வரிசையில் வலது பக்கம் கோரைப்பல் இருந்த இடம் ஓட்டை. முன்பற்கள் ரெண்டும் அந்த ஓட்டையைப் பார்த்துச் சரிந்துவிட்டன. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். இப்போது அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் நர்ஸ் மிஸ் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், கம்பி போடுகிற டொக்டரிடம் காட்டச் சொல்லி.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணியிடம் லீவு கேட்டேன்.

"பல்லுக்கெல்லாம் லீவா? நீ என்ன, கொழுந்தப் பல்லாலயா புடுங்குற?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் வாய் நிறையப் பல்.

கொண்டு போக: துண்டு. பிறப்புப் பத்திரம். ரொட்டி. தண்ணீர். பஸ்ஸில் வாந்திக்கு ரெண்டு பை.

ஜூலை 9, புதன்

முதல் பஸ். பசறை வளைவில் வாந்தி. அவளுக்கு இல்லை, எனக்கு.

கிளினிக்கில் பத்து மணிவரை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு தாத்தா, எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர். தர்ஷினியைப் பார்த்து, "ஒனக்கென்ன மகளே, வாய் நெறைய வச்சிருக்கியே" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டொக்டர் சின்னப் பெண். சிங்களம். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார், ஆனால் பேசினார். அதற்கே கும்பிட வேண்டும்.

"இந்தப் பல்லு எங்க?"

"எடுத்தாச்சுங்க டொக்டர்."

"யாரு எடுத்தது? ஏன்? ஓட்டை இருந்ததா?"

நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மகள் முந்திக்கொண்டாள். "ஓட்டையெல்லாம் இல்ல டொக்டர். தெத்துப்பல்லா இருந்துச்சு. அப்பாதான் கூட்டிட்டுப் போயி புடுங்க வச்சாரு."

டொக்டர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஐயோ மகள், அது நல்ல பல்லு. கம்பி போட்டு மெல்ல வரிசைக்கு இறக்க இருந்தது. அப்பா பெரிய பிழை செஞ்சிருக்காரு." பிறகு என்னிடம், "அடுத்த முறை அப்பாவைக் கூட்டிட்டு வாங்க அம்மா. எல்லாம் கேட்டு எழுத வேணும்."

"அவரு இல்லீங்க."

டொக்டர் பேனாவை மூடினார். மன்னிக்கச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

போகும்போது இன்னொன்று சொன்னார். புடுங்கியது பால்பல்லாக இருந்தால், நிஜப்பல் மேலே ஈறுக்குள் மறைந்திருக்கலாமாம். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். 23ஆம் திகதி வரச் சொன்னார். "அந்தப் பல்லை அம்மா பார்த்தீங்களா? நீளமா, கட்டையா?"

"பாக்கலீங்க" என்றேன்.

பஸ்ஸில் மகள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பால்பல்லாத்தாம்மா இருக்கும். மேல ஒன்னு இருக்கும் பாரேன்." ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் ஒரு துள்ளல்.

அந்தியில் அவர் போட்டோவுக்கு விளக்கு வைக்கிற நேரம். தினமும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஏற்றுவோம். இன்று அவள் எழும்பவில்லை.

"நீயே ஏத்திக்க. டொக்டரே சொன்னாங்கள்ல? எம் பல்லக் கெடுத்தவருக்கு நான் ஏத்தணுமா?"

நானே ஏற்றினேன். காற்றில் ரெண்டு தரம் அணைந்தது.

ஜூலை 10, வியாழன்

போயா லீவு, பௌர்ணமி. துணி துவைப்பு. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி.

மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் லயத்து வரிசையில் கடைசிக் காம்பராவில் இருக்கிறார். வந்தால் ஏதாவது குத்தாமல் போகமாட்டார்.

"தாலி எறக்கி ஆறு மாசம். அதுக்குள்ள மகளுக்குப் பல்லு அலங்காரம், பதுளப் பயணம். நடத்து புள்ள."

நான் துணியைப் பிழிந்தேன். மதினியின் கழுத்து என்று நினைத்துப் பிழிந்தேன்.

அவர் வந்த காரியம் வேறு. 24ஆம் திகதி ஆடி அமாவாசை. தம்பி போய் முதல் ஆடி அமாவாசை, இலை போட்டுப் படைக்க வேண்டும். ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு, மகள் கையால்தான் சோறு வைக்க வேண்டும்.

தர்ஷினி உள்ளே இருந்து, "நான் வைக்க மாட்டேன்" என்றாள்.

"என்னாடி சொன்ன?"

"மாட்டேன் அத்தை. அப்பாவுக்கு நான் ஒன்னும் வைக்க மாட்டேன்."

மதினி என்னைப் பார்த்தார். வளர்த்த லட்சணம் என்று வாயால் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பண்டாரவளை. பள்ளிக்கூட டீச்சர் சொன்ன இடம். கண்டியிலிருந்து ஒரு டொக்டர் ஞாயிறு மட்டும் வருகிறார். கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றோம். கழற்றினோம். மற்ற எல்லாரும் செருப்போடு இருந்தார்கள்.

ஒரு படிவம். எல்லாம் இங்கிலீஷ். மேசையில் இருந்த பிள்ளை எனக்காகச் சத்தமாக வாசித்தாள். "இதுக்கு முந்தி பல்லு எடுத்திருக்கீங்களா? யாரு சொல்லி? என்ன காரணம்?" ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. மீன்கள்கூட.

"அப்பான்னு எழுதுங்க அக்கா" என்றாள் தர்ஷினி.

டொக்டர் நல்ல மனிதர். ரெண்டு வருடம், மாதாமாதம் வர வேண்டும் என்றார். தொகை சொன்னார். எழுதி வைக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. அப்புறம் அவரே, "பதுளைக் கிளினிக்லயே காட்டுங்கம்மா. லிஸ்ட் நீளம், ஆனா செய்றது இதே வேலைதான்" என்றார். கதவுவரை வந்து, "அந்தப் பல்லை அந்த வயசுல ஏம்மா எடுத்தாங்க?" என்று கேட்டார்.

அவரும் கேட்டுவிட்டார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்து மரக்கறிக் கடையில் லீக்ஸ் மலிவு. ஒரு கட்டு வாங்கினேன்.

ஜூலை 16, புதன்

இதை எழுதிவிடுகிறேன். பல்லைப் புடுங்கச் சொன்னது நான்.

ரெண்டு வருடம் முன்னால் மகள் பெரியவளானாள். தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் எடுத்த பிறகு, சடங்கை நாள் பார்த்துக் கொஞ்சம் தள்ளி வைத்தோம். லுணுகலையிலிருந்து போட்டோக்காரரைப் பேசியிருந்தோம். எனக்குச் சட்டம் போட்ட பெரிய போட்டோ வேண்டும். என் சடங்குக்கு ஒரு சின்னப் போட்டோகூட இல்லை. சிரித்தால் தெத்துப்பல் தெரியுமே என்று எனக்கு ஒரே பித்து.

அவர் வேண்டாம் என்றார். "கெடக்கட்டும் புள்ள. அவ சிரிக்கிறப்ப அதுதான் மொதல்ல எட்டிப் பாக்குது. நல்லாத்தானே இருக்கு?"

"ஒங்க கண்ணுக்கு நல்லாருக்கும். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் கண்ணுக்கு?"

ரெண்டு நாள் பேசவில்லை. சோற்றுத் தட்டை டங்கென்று வைத்தேன். மூன்றாம் நாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மகளைக் கூட்டிப் போனார். டவுனில் பல் படம் போட்ட ஒரு போர்டு, அங்கே. அந்த ஆள் இப்போது இல்லை, கடையும் இல்லை. எங்களுக்கு எல்லாம் பல் டொக்டர் என்றால் புடுங்குகிறவர்தான். கம்பி கட்டி ஒரு பல்லை இறக்கலாம் என்று யார் சொன்னார்கள்? சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது.

நான் போகவில்லை. பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் வாயில் பஞ்சு. அவர் மத்தியானச் சோறு தொடவில்லை. பல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். பால்பல் என்றால் கூரை மேல் எறிவோம். "இத எறிய மனசு வரல" என்று பழைய சுண்ணாம்பு டப்பியில் போட்டு மூடினார். நான் பார்த்தேன். நீளம். விரல் கணு அளவு வேர். பால்பல் இல்லை அது.

சடங்கு போட்டோ சுவரில் தொங்குகிறது. இரவல் நகை, பட்டுச் சேலை, ஒரு கன்னம் பன் மாதிரி. வீக்கம். வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். எந்தப் பல்லும் தெரியவில்லை.

ஒரு தடவை மகள் அவரிடம் கேட்டாள், "ஏம்ப்பா புடுங்க வச்சீங்க?" அவர் அடுப்படியில் இருந்த என்னைப் பார்த்தார். நான் புகையை ஊதினேன். "அப்பாவுக்குத் தெரியலடா" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். சொல்லாமல் செத்துப் போனார். அங்கே போயும் நல்லவராக இருக்கிறார். அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம். இல்லை. தெரியவில்லை.

23ஆம் திகதி எக்ஸ்ரே. மேலே ஒன்றும் இருக்காது.

டப்பி அரிசி டின்னுக்குப் பின்னால்.

ஜூலை 17, வியாழன்

கங்காணி மகள் பல்லில் கலர் கம்பி. பதுளையில் ஒரு சலூனில் போட்டதாம். தர்ஷினி சொன்னாள். "அங்க துண்டு கிண்டு ஒன்னும் கேக்க மாட்டாங்களாம்மா."

ஒன்றும் கேட்க மாட்டார்கள். ராத்திரிச் சோறு வரைக்கும் அதுவே காதில்.

ஜூலை 19, சனி

சலூன் மாடியில். குறுகல் படி, நகப் பூச்சு வாசம். கம்பி போடுகிற பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும். அழகான பல்.

"பயப்படாதீங்க அக்கா. ஒரு மணித்தியாலம். எக்ஸ்ரே கிக்ஸ்ரே எல்லாம் வேணாம்."

"ஒரு பல்லு இல்ல..."

"அது ஏன் இல்லன்னு நமக்கெதுக்கு? இழுத்துக் கட்டுனா மறைஞ்சிரும். தங்கச்சி, என்ன கலர்?"

இந்த ஒரு பேச்சுக்குத்தான் இத்தனை நாள் அலைந்தேன். என் தோள் தானாக இறங்கியது. மகள் வான நீலம் எடுத்தாள். கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

அந்தப் பெண் பக்கத்து மேசையிலிருந்து சின்னச் சாமணத்தை எடுத்தாள். கொஞ்சம் முன்னால்தான் வேறொருத்திக்கு அதால் புருவம் எடுத்தாள். துவாயில் ஒரு துடைப்பு. நுனியில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. டவுனில் போர்டு போட்டிருந்தவனும் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பல் என்று மட்டும் கேட்டானாம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தர்ஷினி அப்பாவுக்கு, வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும்.

"எந்திரி" என்றேன்.

"ஏம்மா?"

"எந்திரின்னா எந்திரி."

படியில் நின்று கத்தினாள். கீழே கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "அப்பா கெடுத்தாரு. நீ சரியாக்கவும் விடமாட்ட. ரெண்டு பேரும் சேந்து என்னைய இப்பிடியே வச்சிருங்க!"

ரெண்டு பேரும் சேர்ந்து. சரியாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாமலே.

ஜூலை 20, ஞாயிறு

மகள் நேற்றிலிருந்து பேசவில்லை. சோற்றுத் தட்டை டங்கென்று வைக்கிறாள். என்னிடம் படித்தது.

மதினி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். இன்று குத்தவில்லை. குரலை இறக்கிக் கேட்டார்.

"ஏந் தம்பி ஒரு கோழி அறுக்கச் சொன்னாலே மொகத்தத் திருப்பிக்குவான். அவனா பெத்த புள்ள பல்லப் புடுங்கச் சொன்னான்? நெசத்தச் சொல்லு செல்வி."

"அவருதான் மதினி கூட்டிட்டுப் போனாரு."

பொய் இல்லை. பொய்யே சொல்லியிருக்கலாம், இதைவிட நன்றாக இருந்திருக்கும். மதினி வெற்றிலையை மெல்லாமல் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போனார்.

படையலுக்கு: வாழை இலை. பச்சரிசி. உளுந்து. வெல்லம். பூசணிக்காய். வெற்றிலை, பாக்கு. அவருக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும். பிளேன்டீ, சீனி தனியாக. யார் வைப்பது?

ஜூலை 23, புதன்

டப்பியைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று யோசிக்கவில்லை. பஸ்ஸில் அது கடகடவென்று ஆடியது, எனக்கு மட்டும் கேட்டது.

எக்ஸ்ரேயில் மோவாயை வைத்து அசையாமல் நிற்கச் சொன்னார்கள். நன்றாக நின்றாள். பிறகு வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ வேண்டினாள்.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் அந்த இடத்தை ரெண்டு தரம் தடவினார். "மகள், மேல பல்லு இல்ல. எடுத்ததுதான் உண்மையான பல்லு."

தர்ஷினி அழவில்லை. அழுதிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. மெதுவாகச் சொன்னாள்: "செத்தும் என்னைய விடல அப்பா."

டப்பியைத் திறந்து மேசையில் கவிழ்த்தேன்.

"அந்தப் பல்லு இதுதாங்க டொக்டர். அன்னைக்கே பாத்தேன். பாக்கலன்னு சொன்னது பொய். புடுங்கச் சொன்னது நானு. சடங்கு போட்டோவுக்காக. இவங்கப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் ரெண்டு நாளு பேசாம இருந்து போக வச்சேன்."

மகள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

டொக்டர் பல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்ல பல்லு" என்றார் மறுபடியும். நான் கேட்டேன், "திரும்ப வைக்க முடியாதுங்களா?" பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கினார். டொக்டர் சிரிக்கவில்லை. முடியாது என்றார். கம்பி போட்டு முன்பற்களை நடுவுக்குக் கொண்டு வரலாம். அந்த இடத்தை விட்டு வைத்து, வளர்ந்த பிறகு ஒரு பொய்ப்பல். லிஸ்டில் பேர் போடுகிறேன், கடிதம் வரும், நாளாகும், ஆனால் வரும். சம்மதமா?

சம்மதம் என்றேன். இங்கேதான். வேறெங்கும் போகப் போவதில்லை.

கார்டில் முன்பு எழுதியிருந்த ஒரு சொல்லைக் கோடு போட்டு அடித்து, மேலே வேறொன்று எழுதினார். சிங்களம் எனக்கு வாசிக்க வராது. அம்மா என்ற எழுத்து மட்டும் தெரியும்.

பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. அவள் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். லுணுகலை வரைக்கும் அவள் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

வெயில். காற்று இன்னும் விடவில்லை. கங்காணி, "பல்லு முடிஞ்சுதா, இனி காதுக்கு எப்ப லீவு?" என்றார். கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

வேலை முடிந்து ஓடி வந்து குளித்து, வடை சுட்டு, சம்பல் இடித்தேன். மதினி பூசணிக்காயைச் சமைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வாசல்படியில் உட்கார்ந்தார்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். உடை மாற்றினாள். என் கையில் இருந்த வாழை இலையை வாங்கினாள். வாங்கினாள் என்று எழுதுகிறேன், பிடுங்கினாள். அவர் போட்டோவுக்கு முன்னால் விரித்தாள். சோறு, பூசணிக்காய், வடை, ரொட்டி. சம்பலை ரொட்டிக்குள் வைத்து மடித்தாள், அவர் மடிக்கிற மாதிரியே.

"டப்பி எங்க?"

கொடுத்தேன். வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மதினி டப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மகள் போட்டோவைப் பார்த்தபடியே அத்தையிடம் சொன்னாள். "அன்னைக்கு பஸ்ல அப்பாதான் அத்தை அழுதாரு. நான் அழல. பல்லு எனக்குத்தானே வலிக்குது, இவரு ஏன் அழுவுறாருன்னு நெனச்சேன்."

விளக்கை அவளே ஏற்றினாள். காற்றுக்குக் கையால் மறைத்துப் பிடித்தாள். என்னைக் கூப்பிடவில்லை. அடுப்படியில் நின்று பார்த்தேன்.